மைக்கில் வாழ்த்து வந்தது; லீவு வந்ததா?

2021-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவராக இருந்த சைலேந்திரபாபு ஒரு சுற்றறிக்கை விட்டார். போலீஸ்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பிறந்த நாளுக்கு லீவு. கல்யாண நாளுக்கும் லீவு. அதோடு, பிறந்த நாள் கொண்டாடுகிறவருக்கு ஒயர்லெஸ் மைக்கில் வாழ்த்தும் சொல்ல வேண்டும்!

ஏட்டுகள் வாயைப் பிளந்தார்கள். மைக் என்றாலே அவர்களுக்குத் தெரிந்தது வேறு பாட்டு. "எங்கய்யா இருக்க? லொகேஷன் சொல்லு!" என்ற அதட்டல்தான் அதில் வரும். அதே மைக்கில் பிறந்த நாள் வாழ்த்து என்றால் யார் நம்புவார்கள்?

செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையிலேயே வார ஓய்வை அறிவித்தார். நவம்பரில் அரசாணையும் வந்தது. இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று கறுப்பு மையில் அச்சாகி விட்டது. போலீஸ் குடியிருப்புகளில் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். இனிமேல் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குத் தனியாகப் போய் நிற்க வேண்டாம். "அவரு வரலியா?" என்று நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அப்புறம் என்ன ஆயிற்று? அரசாணைப்படி லீவு கிடைக்கவில்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே வழக்குப் போயிற்று. திருடனைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர், தன்னுடைய ஞாயிற்றுக்கிழமையைத் தேடிக்கொண்டு கோர்ட் படி ஏறினார்!

போலீஸ் சீர்திருத்தம், போலீஸ் சீர்திருத்தம் என்று அம்பது வருடமாகப் பேச்சு நடக்கிறது. கமிஷன் மேல் கமிஷன் போட்டாயிற்று. அந்தப் பேச்சை எல்லாம் லத்தி பிடித்த கையின் பக்கம் நின்று கொஞ்சம் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். போலீஸ்காரருக்கு வாய் வார்த்தையாக வரும் உத்தரவு அஞ்சு நிமிஷத்தில் நடந்து விடும். அவருக்கு நன்மையாகக் காகிதத்தில் வரும் உத்தரவு காகிதத்திலேயே கிடக்கும்.

வாடிப்பட்டிக் கணக்கு

மதுரை நகரப் போலீசுக்குக் கமிஷனர் வந்தது 1990-ல். வாடிப்பட்டி அந்த எல்லைக்குள் வராது. அது மாவட்ட எஸ்.பி.யின் கீழ். ஆனால் வேலை வரும்போது நகரம், புறநகர் என்ற கோடு அழிந்து விடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கினால் வாடிப்பட்டி, சோழவந்தான் போலீஸ்காரருக்கும் மதுரையில்தான் வேலை. தை மாதம் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் திறந்தால் நகரத்தில் இருப்பவர் இங்கே வருவார். அந்த இரண்டு ஊரும் வாடிப்பட்டி தாலுகாதான். ஊரெல்லாம் பொங்கல் வைக்கும்போது பொங்கல் இல்லாத ஒரே கூட்டம் காக்கிச் சட்டைக் கூட்டம். இது போதாது என்று, செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் கடைசியில் பசும்பொன். அங்கேயும் தெற்கு மாவட்டத்துப் போலீஸ்தான் லாரியில் ஏறவேண்டும்.

இதற்கு நடுவே நாலுவழிச்சாலை வேறு. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே ராத்திரி ஒரு லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடுவது ஸ்டேஷன் போலீஸ்தான். ரோட்டை ஒதுக்க வேண்டும், அடிபட்டவரை ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்க வேண்டும், விடிந்ததும் வந்து எஃப்.ஐ.ஆர். எழுத வேண்டும். எழுதி முடிக்கும்போது காலை ரோல்கால் விசில் கேட்கும். தூங்குவது எப்போது?

வார லீவு ஏன் கிடைப்பதில்லை என்று ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்டால் அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். டூட்டி நோட்டைத் திறந்து காட்டுவார். ஒரு பேச்சுக்கு, நாற்பது பேர் உள்ள ஸ்டேஷன் என்று வைத்துக் கொள்ளலாம். அரசாணைப்படி லீவு விட்டால் தினமும் 6 பேர் வீட்டில். மிச்சம் 34. அதில் 8 பேர் ஓ.டி. அதாவது பேர் இங்கே, வேலை வேறு எங்கேயோ: பெரிய ஆபீசில், முகாமில், பயிற்சியில். மிச்சம் 26. உடம்பு சரியில்லை, தங்கச்சி கல்யாணம் என்று 3 பேர். பாராவுக்கு மூன்று ஷிப்டுக்கு 3 பேர். கோர்ட் டூட்டி 2. சம்மன், வாரண்டு கொடுக்க 2. ரைட்டர், கம்ப்யூட்டர், வரவேற்பு மேஜை என்று 4. ராத்திரி ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுக் கண் அயர்ந்தவர் 4. கடைசியில் கையில் நிற்பது 8 பேர்.

அந்த 8 பேரை வைத்துத்தான் திருட்டு, அடிதடி, காணாமல் போனவர், வரப்புச் சண்டை, மாட்டுச் சண்டை, புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் பார்க்க வேண்டும். சரி, பார்க்கலாம் என்று உட்காரும்போது மைக் கூப்பிடும்: "நாளைக்குக் காலையில பந்தோபஸ்து. பத்துப் பேர் அனுப்புங்க!"

எட்டுப் பேரில் பத்துப் பேரை எப்படி அனுப்புவது? ரைட்டருக்கு அந்தக் கணக்குத் தெரியும். லீவில் இருக்கிற 6 பேருக்குப் போன் போடுவார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஐயா சொல்லிட்டாரு. நாளைக்கு ஒருநாள் மட்டும்..." அந்த 'ஒருநாள் மட்டும்' வாரா வாரம் வரும். லீவு நாளில் வேலை செய்தால் மிகை நேரப் படி என்று ஒரு தொகை உண்டு. பணம் வந்து விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இல்லாத ராத்திரி திரும்பி வராது.

ஊருக்கு ஊர் இதே கதை

வாடிப்பட்டி மட்டும் அல்ல, இந்தியா முழுக்க இதே நிலைமைதான். மத்தியப் போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்புக்காக ஐதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-ல் ஒரு ஆய்வு செய்தது. ஸ்டேஷன் ஊழியர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்றது. மாதத்தில் ஒரு வார ஓய்வைக்கூட எடுக்க முடியாதவர்கள் 73.6 சதவீதம்! எட்டு மணி நேர ஷிப்டு வேண்டும் என்றால் ஆள் எவ்வளவு வேண்டும் என்றும் கணக்குச் சொன்னது. நூறு பேர் இருக்கும் இடத்தில் 168 பேர்.

2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதி நிறுவனமும் சேர்ந்து போலீஸ்காரர்களையே கேட்டன. ஒரு நாளைக்குச் சராசரி 14 மணி நேர வேலை என்று பதில் வந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே கிடையாது. மில் தொழிலாளி எட்டு மணி நேரம் கேட்டுப் போராடி வாங்கி விட்டார். அந்தப் போராட்டத்துக்குப் பந்தோபஸ்து நின்றவருக்கு இன்னும் 14 மணி நேரம்தான்.

பெண் போலீஸ் பாடு தனிப்பாடு. தமிழ்நாட்டில் பெண்கள் போலீசில் சேர்ந்தது 1973-ல். முதலமைச்சர் போகும் பாதையில் வெயிலில் மணிக்கணக்காகப் பெண்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது 2021-ல். காலை 7 மணி ரோல்காலை அவர்களுக்கு 8 மணி ஆக்கினார்கள், 2023-ல். சோறு ஆக்கி, பிள்ளைக்குத் தலைசீவி அனுப்பிவிட்டு வர அந்த ஒரு மணி நேரம் கிடைக்க 50 வருடம் ஆகியிருக்கிறது! பந்தோபஸ்து இடத்தில் கக்கூசுக்கு எங்கே போவது என்பது இன்னும் பல ஊரில் அவரவர் பாடு.

ஆர்டர்லி ஒழிந்த கதை

காகித உத்தரவின் யோக்கியதை என்ன என்று தெரிய ஆர்டர்லி கதை ஒன்றே போதும். அதிகாரி வீட்டில் காய்கறி வாங்க, நாய்க்குக் குளிப்பாட்ட, துணி தேய்க்கப் போலீஸ்காரரை வைப்பது வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கம். அதை ஒழித்துத் தமிழ்நாட்டு அரசு உத்தரவு போட்டது 1979-ல். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் "இதை அடியோடு ஒழியுங்கள்" என்று மறுபடி சொன்னது 2022-ல். இடையில் 43 வருடம்! 1979-ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் பென்ஷன் வாங்கிப் பேரனையும் பார்த்திருப்பார்.

அந்த 1979-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த அந்த வருடம்தான் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் சங்கம் கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். பஞ்சாபில் தொடங்கிய நெருப்பு அது. அதே வருடம் தேசியப் போலீஸ் கமிஷனின் முதல் அறிக்கையும் வந்தது. தரம வீரா தலைமையில் அமைந்த அந்தக் கமிஷன், எடுத்த எடுப்பில் பேசியது பெரிய அதிகாரிகளைப் பற்றி அல்ல, கான்ஸ்டபிளைப் பற்றி. அவர் சம்பளம், வீடு, வேலை நேரம், பதவி உயர்வு, குறை சொல்ல ஒரு வழி. அந்த ஐந்தும் இன்றைக்கும் அதே ஐந்துதான்.

குறை சொல்ல வழி என்ன இருக்கிறது? 1966-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் சங்கம் வைக்கக் கூடாது. கேரளாவில் அனுமதி கொடுத்தார்கள். அங்கே போலீஸ் சங்கம் இருக்கிறது, தேர்தல் நடக்கிறது, மாநாடு நடக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. இங்கே கான்ஸ்டபிள் வாயைத் திறந்தால் மெமோ. இன்னும் கொஞ்சம் திறந்தால் 3(பி) சார்ஜ். ஆகவே அவர் வாயை மூடிக்கொண்டு டூட்டிக்குப் போகிறார். மூடிய வாய்க்குள் இருக்கும் கோபம் எங்கே இறங்கும்?

திருப்புவனம்

அது எங்கே இறங்கியது என்று ஊருக்கே தெரியும். மதுரைக்குப் பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவில். 2025 ஜூன் மாதம் நகை காணவில்லை என்று ஒரு புகார். கோவில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை பிடித்துக்கொண்டு போயிற்று. 27 வயதுப் பையன் பிணமாகத் திரும்பினார். உடம்பெல்லாம் காயம். ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று.

அடித்துக் கொன்றவருக்குப் பரிந்து பேச எந்த யோக்கியனாலும் முடியாது. களைப்பு, தூக்கமின்மை, கோபம் என்று எதைச் சொன்னாலும் அந்தத் தாய்க்கு அது பதில் ஆகாது. பதினாலு மணி நேரம் உழைக்கும் எத்தனையோ ஏட்டுகள் யார் மேலும் கை வைத்ததில்லை.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படையை ஏவியது யார்? உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வி அது. கைதானவர்களின் பெண்சாதி பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து கதறியபோது கேட்டதும் அதைத்தான். "மேல சொன்னதத்தானே செஞ்சாங்க?" டி.எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். அதன் பிறகு, முறையான அனுமதி இல்லாத தனிப்படைகளைக் கலைக்கும்படி உத்தரவு வந்தது. அப்படியானால் அதுவரை அந்தப் படைகள் எந்தக் காகிதத்தில் இருந்தன?

இதுதான் வாய் உத்தரவின் ஆபத்து. நல்லபடி முடிந்தால் பாராட்டு மேலே போகும். கெட்டபடி முடிந்தால் விலங்கு கீழே வரும். "உத்தரவை எழுதிக் கொடுங்கய்யா" என்று கேட்க ஒரு கான்ஸ்டபிளுக்கு உரிமை இருந்தால், அன்றைக்குப் பாதிப் பேராவது ஸ்டேஷனிலேயே நின்றிருக்க மாட்டார்களா?

கேட்கிற தைரியம் போலீசில் இல்லாமல் இல்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தகப்பன் ஜெயராஜும் மகன் பென்னிக்சும் போலீஸ் அடித்துச் செத்தார்கள். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் ஏட்டு. உண்மை சொன்ன அந்த அம்மாவுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ்காரருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு? போலீசிடமிருந்துதான்!

தனியாகப் போன எஸ்.எஸ்.ஐ.

ஆள் குறைந்தால் பொதுஜனம் மட்டும் சாவதில்லை. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் ராத்திரி ரோந்து போனார். ஆடு திருடிக்கொண்டு வண்டியில் போனவர்களை விடாமல் துரத்தினார். திருச்சி மாவட்டம் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்து கீரனூர்ப் பக்கம் வரை விரட்டிப் போய்ப் பிடித்தார். பிடித்தவரை வெட்டிப் போட்டார்கள். ஒரு ஆட்டுக்காக உயிரை விட்டார் என்று ஊர் அழுதது. ஆட்டுக்காரன் ஒரு ஏழை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால்? அந்த ராத்திரிக்குப் பிறகு, ரோந்துக்குத் தனியாகப் போகக் கூடாது, துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும் என்றெல்லாம் பேச்சு வந்தது. இரண்டு பேராகப் போக வேண்டும் என்றால் இரண்டு பேர் இருக்க வேண்டும் அல்லவா? மறுபடியும் அந்த டூட்டி நோட்டுதான்.

ஒரு கான்ஸ்டபிள் போட்ட கணக்கு

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்கள் பம்பாயைப் பார்க்கலாம். தேவ்னார் ஸ்டேஷனில் ரவீந்திர பாட்டீல் என்று ஒரு கான்ஸ்டபிள். ஐ.பி.எஸ். படித்தவர் அல்ல. வெளிநாடு போய் வந்தவரும் அல்ல. தன் ஸ்டேஷன் ஆட்களை எட்டு மணி நேரமாகப் பிரித்தால் வேலை நடக்குமா என்று அவரே கணக்குப் போட்டார். அதைக் கமிஷனர் தத்தா பட்சல்கீகர் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். 2016 மே மாதம் தேவ்னாரில் சோதனை பார்த்தார்கள். 2017 ஜனவரியில் பம்பாய் ஸ்டேஷன்கள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோனார்கள். பின்னால் அந்த முறை பல இடங்களில் தளர்ந்து போனதும் உண்மை. ஆனாலும், ஆள் எடுத்த பிறகுதான் எட்டு மணி நேரம் என்று உட்கார்ந்திருந்தால் தேவ்னாரில் ஒரு நாள்கூட நடந்திருக்காது. கான்ஸ்டபிள் எழுதியதைக் கமிஷனர் படித்தார் பாருங்கள், அதுதான் அங்கே அதிசயம்.

சுப்ரீம் கோர்ட் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் போலீஸ் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளை போட்டது. தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் போட்டது. 2021-ல் மதுரைக் கிளை, சம்பளத்தைக் கூட்டுங்கள், மூன்று ஷிப்டு ஆக்குங்கள் என்று சொன்னது. 2022-ல் நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் இன்னொரு கமிஷன். காகிதத்துக்குக் குறைவே இல்லை.

ஆள் எடுக்கப் பணம் வேண்டும், பயிற்சிக்கு நாள் வேண்டும். அது அரசாங்கம் செய்ய வேண்டியது. செய்தே தீர வேண்டியது. அதுவரை காசு இல்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. ஓ.டி. என்று வேறு இடத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்பதை ஸ்டேஷன் வாரியாக எழுதி ஒட்டலாம். பேரே வேண்டாம், எண் போதும். எண் வெளியே வந்தாலே பாதிப் பேர் ஸ்டேஷனுக்குத் திரும்பி விடுவார்கள். மாதம் பிறந்தால் யாருக்கு எத்தனை வார ஓய்வு உண்டு, எத்தனை எடுத்தார், யார் சொல்லி ரத்தானது என்று மூன்று பத்தி போட்டு எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்பச் சொல்லலாம். லீவை ரத்து செய்த அதிகாரி தன் கையெழுத்தைப் போட வேண்டும். மைக்கில் கூப்பிட்டுச் சொல்வது சுலபம். கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பத்துப் பேர் கேட்டவர் ஐந்து பேர் போதும் என்பார்.

ஆளைப் பிடித்து வா, விசாரி, அழைத்துப் போ என்று எந்த உத்தரவானாலும், சொன்னவர் பேரும் மணியும் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். அதை எழுதியதற்காக எழுதியவர் மேல் சார்ஜ் பாயக் கூடாது. போலீஸ் கமிஷனரும் எஸ்.பி.யும் வேண்டாம் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பொது நாட்குறிப்பு ஏற்கெனவே எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறது. அதில் இப்போது கான்ஸ்டபிள் எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று எழுதுகிறார்கள். அனுப்பியவர் யார் என்ற இடத்தில் 'ஐயா உத்தரவுப்படி' என்று முடித்து விடுகிறார்கள்.

எந்த ஐயா?